முதல் இரண்டு வரிக்குள் உங்கள் வேலை தெரியட்டும்

கேள்வி: கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயப் பட்டம் முடித்து, இரண்டு வருடமாக ஒரு நெற்செய்கைத் திட்டத்தில் கள உத்தியோகத்தராக இருக்கிறேன். திட்டம் முடியப்போகிறது. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில், என்னைப் பற்றிச் சொல்லும் ‘அபவுட்’ பகுதியில் ‘கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யக்கூடியவர்’ என்று போட்டிருக்கிறேன். ஒருவரும் தொடர்புகொள்ளவில்லை. 2009இல் வவுனியாவில் போரால் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் இருந்து படித்ததையும் எழுதலாமா?
– வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, ‘கடின உழைப்பாளி’யை முதலில் அழித்துவிடுங்கள். நீங்கள் வயலில் நின்றீர்களா, கந்தோரில் இருந்தீர்களா என்றுகூட அது சொல்லவில்லை.

அந்தப் பகுதியில் இடைவெளிகளோடு சேர்த்து 2,600 எழுத்துவரை போடலாம். ஆனால் பக்கத்தைத் திறந்ததும் தெரிவது முதல் சில வரிகள்தான். மிச்சம் ‘சீ மோர்’ஐ அழுத்தினால்தான் விரியும். அதனால் தொடக்கம் இப்படி இருக்கட்டும்: “கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நெற்செய்கைக் கமக்காரருடன் வேலை செய்யும் விவசாயப் பட்டதாரி. இரண்டு காலபோகங்களில் 6 கமக்காரர் அமைப்புகளைச் சேர்ந்த 140 பேருக்கு விதைநெல் தெரிவிலும் பீடைக் கட்டுப்பாட்டிலும் பயிற்சி கொடுத்தேன்.” எண்களை உங்களுடையதாக மாற்றுங்கள். திட்டம் முழுக்கச் செய்ததை உங்கள் கணக்கில் போடவேண்டாம். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். ‘வன்னி’ என்று மட்டும் எழுதினால் வெளியூர் ஆளுக்கு விளங்காது, மாவட்டப் பெயர்தான் தேடலில் அகப்படும்.

முதலில் தமிழில் எழுதிப்பாருங்கள், செய்த வேலை தெளிவாக வரும். பிறகு ஆங்கிலத்தில் போடுங்கள். கொழும்பிலிருந்து ஆள் தேடுபவர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களால்தான் தேடுகிறார்கள். நீங்கள் விரும்பும் வேலைக்கான விளம்பரங்கள் ஐந்தை எடுத்து, திரும்பத்திரும்ப வரும் சொற்களைக் கோடிடுங்கள். அவற்றில் உண்மையாகவே செய்ததை அதே சொல்லால் எழுதுங்கள். கமக்காரரோடு தமிழில் கதைத்து, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள் அல்லவா? அதற்குத் தனியாக ஒரு வரி கொடுங்கள். கொழும்பில் இருப்பவர் தேடி அலைவது அப்படியான ஆளைத்தான்.

மெனிக் பாம் பற்றி: அது உங்கள் வாழ்க்கை, அதைச் சொல்லித்தான் வேலை கேட்கவேண்டும் என்றில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களோடு வேலை செய்யும் பதவிக்கு விண்ணப்பித்தால், இறுதிப் பந்தியில் ஒரு வாக்கியமாக வரலாம். முதல் வரியில் வந்தால் வாசிப்பவர் பரிதாபத்தோடு நின்றுவிடுவார், உங்கள் திறமைவரை போகமாட்டார்.

சுயவிபரக்கோவையை அப்படியே ஒட்டுபவர்கள் அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, வீட்டு முகவரி எல்லாவற்றையும் ஊருக்கே காட்டிவிடுகிறார்கள். மின்னஞ்சல் மட்டும் போதும். அதோடு என்ன வேலை, எந்த மாவட்டம்வரை வரமுடியும் என்று ஒரு வரி.

திட்டம் முடிந்து ஆட்கள் பிரிந்துபோகமுன், உங்கள் மேலதிகாரியிடம் லிங்க்ட்இனிலேயே ஒரு பரிந்துரை கேளுங்கள். எந்தப் பயிற்சியைப் பற்றி எழுதவேண்டும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் அவரும் ‘கடின உழைப்பாளி’ என்றுதான் எழுதித் தருவார்.