காசிமேட்டிலிருந்து தீவுக்கு ஸ்நார்க்கலிங் போக முடியுமா?
வணக்கம். காசிமேட்டில் விசைப்படகு பேசி, எட்டுப் பேராக ஏதேனும் தனித்தீவில் ஸ்நார்க்கலிங் (கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்து அன்றே திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மீன்பிடிப் படகுகளுக்குப் பயணிகளை ஏற்றும் உரிமம் கிடையாது என்பது ஒருபுறமிருக்க, நம் கரையருகே பவளத்தீவும் இல்லை; எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்றால் என் கால்விரலே எனக்குத் தெரிந்ததில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை என்பதால், வனத்துறை அனுமதியின்றி அங்கே கரையேற முடியாது.

அந்தமானுக்கு விமானத்தில் போய், வண்டூரிலிருந்து ஜாலிபாய் தீவுக்குப் படகில் சென்று வருவதே நீங்கள் விரும்பும் பயணத்துக்கு நெருக்கமானது. அதற்கு மூன்று நாட்களாவது ஒதுக்குங்கள். ஆண்டில் பாதி அத்தீவு மூடியிருக்கும் என்பதால், திறந்திருக்கும் மாதத்தை உறுதிசெய்த பிறகே டிக்கெட் எடுங்கள். அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்கு முகமூடியில் நீர் கசியும். மேலுதட்டில் சிறிது வாசலின் தடவினால் ஓரளவு நிற்கும்.