இரண்டாம் பாகத்துக்கு விழுந்த அடி

கேள்வி: மாஃபியா குடும்பக் கதையான 'காட்ஃபாதர்' படத்தின் இரண்டாம் பாகம் வந்த புதிதில் விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்களாமே, நிஜமா?

பதில்: எல்லோரும் இல்லை. பாலின் கேல் அப்போதே மனம் நிறைந்து பாராட்டினார். ஆனால் 1974-ல் நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி எழுதியது சரியான அடி. மிச்சம் மீதியை ஒட்டுப்போட்டுச் செய்த பூதம் என்றும், முதல் படம் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைத்தான் இது ஓயாமல் ஞாபகப்படுத்துகிறது என்றும் போட்டுத் தாக்கினார். ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டார். கதை அப்பா வீட்டோவின் இளமைக்காலம், மகன் மைக்கேல் தலைவனான காலம் என்று இரண்டு காலங்களுக்கு நடுவே போய்ப்போய் வருவதுதான் அவருக்கு இடித்தது. முன்னோட்டக் காட்சி பார்த்த ரசிகர்களும் அதையேதான் சொன்னார்கள், அதனால் இயக்குநர் கொப்போலா கடைசி நேரத்தில் மறுபடி எடிட்டிங்கில் உட்கார்ந்து, தாவல்களைக் குறைத்து, ஒவ்வொரு காலத்தையும் நீளமான பகுதிகளாக மாற்றினார்.

என்னைக் கேட்டால் அந்தத் தாவலில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. திருவிழாச் சத்தத்துக்கு நடுவே இளம் வீட்டோ துப்பாக்கியில் துண்டைச் சுற்றி, பேட்டையில் மாமூல் வாங்கும் ஃபனுச்சியைச் சுடுகிறான், துண்டு தீப்பிடிக்கிறது, பிறகு எதுவுமே நடக்காத மாதிரி வந்து வாசல்படியில் குடும்பத்தோடு உட்கார்ந்து, கைக்குழந்தை மைக்கேலிடம் அப்பாவுக்கு உன்மேல் ரொம்பப் பிரியம் என்கிறான். அடுத்து, வளர்ந்த மைக்கேல் பனி மூடிய வீட்டுக்குத் திரும்புகிறான். மகனுடைய பொம்மைக் கார் பனியில் பாதி புதைந்து கிடக்கிறது, உள்ளே மனைவி தையல் மெஷினில் குனிந்திருக்கிறாள், அவன் ஒரு வார்த்தை பேசாமல் நின்று பார்க்கிறான். அப்பா யாருக்காகக் கொலை செய்தாரோ அந்தக் குடும்பம் மகன் கையில் என்ன ஆனது என்பதற்கு இதைவிட வசனம் வேண்டுமா? காலவரிசைப்படி சொல்லியிருந்தால் இந்த வலி நமக்குக் கிடைத்தே இருக்காது.

ஈபர்ட் 2008-ல் இதைத் தன்னுடைய மகத்தான படங்களின் வரிசையில் சேர்த்தார், ஆனால் பழைய விமர்சனத்தில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

கேள்வி: ஆஸ்கரில் அந்த விமர்சனங்கள் பாதித்ததா?

பதில்: இல்லவே இல்லை. 11 பரிந்துரை, 6 விருது. சிறந்த படத்துக்கான விருதை வாங்கிய முதல் தொடர்ச்சிப் படம் இதுதான். மைக்கேலாக நடித்த அல் பசீனோவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைக்காமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கேள்வி: மூன்றாம் பாகம் அவ்வளவு மோசமா?

பதில்: மோசமில்லை, முதல் இரண்டுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, அவ்வளவுதான். அதற்கு ஈபர்ட் மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார், அதாவது இரண்டாம் பாகத்துக்கு முதலில் கொடுத்ததைவிட அதிகம்! 1990-ல் பலர் மொத்தப் பழியையும், மைக்கேலின் மகளாக நடித்த இயக்குநரின் மகள் சோஃபியா கொப்போலா தலையில் போட்டார்கள். அந்த வேடத்தில் நடிக்க இருந்த வினோனா ரைடர் விலகியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்த சின்னப் பெண் அவர், அந்த அளவுக்கு வதைத்தது அநியாயம். முதல் இரண்டு பாகங்களில் குடும்ப வக்கீலாக வந்த ராபர்ட் டுவால் சம்பளப் பிரச்சினையால் நடிக்காமல் போனதும், வாடிகன் வங்கி விவகாரம் தலையும் வாலும் புரியாமல் ஓடியதும்தான் பெரிய குறைகள். 2020-ல் கொப்போலா மறுபடி வெட்டி வெளியிட்ட வடிவத்தில் அந்த வங்கியை நடத்தும் பேராயரோடு மைக்கேல் நடத்தும் பேரம் ஆரம்பத்திலேயே வந்துவிடுவதால் கதை கொஞ்சம் பிடிபடுகிறது, பார்ப்பதென்றால் அதையே பாருங்கள்.