மார்பக எம்.ஆர்.ஐ. யாருக்குத் தேவை? கதிரியக்க மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 32. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. பரிசோதனையில் எனக்கும் மார்பகப் புற்று ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு மாற்றம் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். மேமோகிராம் மட்டும் போதாதா?

பதில்: போதாது அம்மா. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பஞ்சுப் பொதியில் வெள்ளை நூலைத் தேடுவது போல்தான். காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பார்ப்பது ரத்த ஓட்டத்தை. புற்றுக்கட்டி தனக்கென்று வளர்த்துக்கொள்ளும் புதிய ரத்தக்குழாய்கள் கசியக்கூடியவை. கையில் ஏற்றும் கேடோலினியம் மருந்து அங்கே விரைந்து பாய்ந்து கட்டியைப் பளிச்சென்று காட்டிவிடும். பரம்பரை ஆபத்துள்ள 1,909 பெண்களைக் கண்காணித்த நெதர்லாந்து ஆய்வு 2004இல் வெளிவந்தது. சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவும் வகைப் புற்றுகளில் மேமோகிராம் கண்டது 33.3 சதவீதம், எம்.ஆர்.ஐ. கண்டது 79.5 சதவீதம். ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுங்கள். மேமோகிராமையும் விட்டுவிடாதீர்கள், உப்புத்தூள் போன்ற சுண்ணாம்புப் புள்ளிகள் அதில்தான் தெரியும்.

கேள்வி: வயது 52. 'மிக அடர்த்தியான மார்பகம்' என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: அது நோயின் பெயர் அல்ல, பயப்படாதீர்கள். உங்களைப் போன்றவர்களை வைத்துத்தான் நெதர்லாந்தில் 'டென்ஸ்' ஆய்வு நடந்தது. ஒரு மேமோகிராமுக்கும் அடுத்ததற்கும் நடுவே தலைகாட்டும் புற்றுகள், மேமோகிராம் மட்டும் என்றிருந்தவர்களில் 1,000 பேருக்கு 5, கூடவே எம்.ஆர்.ஐ. வாய்ப்பும் பெற்றவர்களிடம் 2.5. முதல் சுற்று எம்.ஆர்.ஐ.யில் 1,000 பேரில் ஏறக்குறைய 80 பேர் புற்று இல்லாமலேயே மேல்பரிசோதனைக்கு அலைய நேர்ந்தது. இரண்டையும் எடைபோட்டு உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை. மன நிம்மதிக்காக எடுக்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: ஸ்கேன் அன்று என்ன செய்ய வேண்டும்?

பதில்: மாதவிலக்கு தொடங்கிய 7 முதல் 14 நாட்களுக்குள் வாருங்கள், அப்போதுதான் படம் தெளிவாக இருக்கும். குப்புறப் படுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ பேஸ்மேக்கரோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். தாலியைக் கழற்றத் தயங்குபவர்களை மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு வரச் சொல்வேன். ரவிக்கையில் குத்திய ஊக்கை மறந்துவிடாதீர்கள், காந்தம் இழுத்துவிடும்.

கேள்வி: இரண்டு மாதமாகக் கட்டி தட்டுப்படுகிறது. எம்.ஆர்.ஐ.க்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: சகோதரி, அதற்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் தேவை மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும், சந்தேகம் இருந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும். இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.