ஐம்பது வயதுக்கு மேல் குணச்சித்திர நடிகராக முடியுமா? சாருஹாசன் வரவில்லையா?

கேள்விக்குக் கீழே "வயது 52, வங்கி வேலை, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா" என்று போட்டிருக்கிறீர்கள். வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் சொல்லாமல்தான் போனேன், அதனால் தெரியும்.

முதலில் சாருஹாசன். அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். பரமக்குடியில் வக்கீலாக இருந்தவர். 1979இல் இயக்குநர் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' படத்தில் நடிக்க வந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். "தம்பி கமல் அப்போதே ஸ்டார், அப்புறம் என்ன?" என்று கீழே எழுத ஒருவர் தயாராக இருப்பார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முகத்தைத் தம்பியா வாங்கிக் கொடுத்தார்? எதிர்த்தரப்பு வக்கீல் பேசி முடிக்கும்வரை எதையும் வெளியே காட்டாமல் உட்கார்ந்து பழகிய முகம் அது. இது என் ஊகம்தான். ஆனாலும் அவர் சும்மா நிற்கிற காட்சிகளைப் பாருங்கள், சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

1986இல் கிரீஷ் காசரவள்ளி கன்னடத்தில் எடுத்த 'தபரன கதெ'க்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு 'சிந்து பைரவி'க்காக மகள் சுஹாசினி, அடுத்த ஆண்டு 'நாயகன்' படத்துக்காகத் தம்பி. மூன்று வருஷம் அடுத்தடுத்து ஒரே குடும்பத்துக்கு. நடுவில் வாங்கியவர்தான் மூவரில் அதிக வயதில் நடிக்க வந்தவர்.

'தபரன கதெ'யை நான் தூர்தர்ஷனில் ஒரு ஞாயிறு மதியம் பார்த்தேன். அப்போதெல்லாம் விருதுப் படங்களை அந்த நேரத்தில் போடுவார்கள், கரண்ட் இருந்தால் பார்க்கலாம். ஓய்வு பெற்ற கடைநிலை ஊழியர் தபரன், பென்ஷனுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார். மனைவிக்குச் சர்க்கரை, கால் அழுகிக்கொண்டு வருகிறது, வைத்தியத்துக்குப் பணமில்லை. அவள் செத்தும் போகிறாள். வீட்டில் எல்லோரும் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நான் கருவூலத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பென்ஷன் பிரிவு.

கருவூலத்தில் எல்லோரும் அப்படி இல்லை, சண்டைக்கு வராதீர்கள். நாங்களும் விதிப்படிதான் வேலை பார்த்தோம். ஒரு கையெழுத்து குறைந்தால் தணிக்கையில் மாட்டுவது நாங்கள்தான். ஆனாலும் மறுநாள் காலை என் மேஜைக்கு முன்னால் ஒரு பெரியவர் துணிப்பையோடு வந்து நின்றபோது நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. பைலைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

2017இல் 58 வயதில் ஓய்வு பெற்றேன். நடிக்க வேண்டும், ஒரு தடவையாவது தபரன் மாதிரி நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது. விளம்பரம் பார்த்து முதலில் போன இடத்தில், போட்டோ ஆல்பம் எடுக்க 15,000 ரூபாய் கேட்டார்கள். கொடுத்தேன். அதன் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை. முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் பில்லில் தப்புக் கண்டுபிடித்தவன், ரசீதுகூட வாங்காமல் கொடுத்தேன்.

அப்புறம் தெரிந்தவர் மூலமாக ஒரு துணை நடிகர் ஏஜென்ட். கலெக்டர் ஆபீஸ் காட்சி, மனுவோடு வரிசையில் நிற்க வேண்டும். நான் கேட்டதே கிடைத்த மாதிரி. காலை ஆறு மணிக்குப் போய் மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். கேமரா ஓடுகிறது, கையில் காகிதம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதைப் புரட்டி, தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். எனக்கே தெரியாது. "பெரியவரே, மனு உங்களோடது, நீங்க ஏன் செக் பண்றீங்க?" என்று உதவி இயக்குநர் பையன் கத்தினான். மூன்று டேக். மூன்றிலும் அதே. கடைசியில் டைரக்டர் சிரித்துவிட்டு, என்னை மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார். "நாளைக்கு வாங்க" என்று ஒரு வசனம். ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சம்பளம் 1,200, பேட்டா தனி. படம் வந்ததும் வீட்டில் உண்மையைச் சொல்லி ஆறு பேராக மல்டிபிளெக்ஸ் போனோம். டிக்கெட்டை விடுங்கள், பாப்கார்ன் விலையைப் பார்த்தீர்களா? வீட்டில் அவித்த வேர்க்கடலையை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பாட்டிலில் தண்ணீர்கூடக் கொண்டுபோகக் கூடாதாம், பேரனுக்கு நாலு வயது. பார்க்கிங் தனி. சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு அங்கேயே போய்விட்டது. இதையெல்லாம் கேட்க ஆளே இல்லையா? திரையில் நான் நான்கு விநாடி வந்தேன். குரல் என்னுடையது இல்லை, யாரையோ வைத்து டப்பிங் பேசியிருந்தார்கள். "தாத்தா, நீ இப்படிப் பேச மாட்டியே" என்றான் பேரன். நல்ல பிள்ளை.

உங்களுக்கு நான் சொல்வது, விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தொடாதீர்கள். துணை நடிகர் வேலையில் மாதத்துக்கு எத்தனை நாள் கூப்பிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, சில மாதம் ஒரு நாள்கூட இருக்காது. லீவு போட்டுப் போய்ப் பாருங்கள். ஆல்பம், மெம்பர்ஷிப், பயிற்சி என்று யார் முன்பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வங்கிக்காரர் என்றால் உங்களையும் கவுன்டருக்கு உள்பக்கம்தான் உட்கார வைப்பார்கள். அது பிடிக்காது என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். சாருஹாசன் 2019இல்கூட, எண்பதைத் தாண்டிய பிறகு, 'தாதா 87'இல் தாதாவாக வந்தார். எனக்கு அந்தப் பேராசை இல்லை.

இதுவரை எட்டு வேஷம் போட்டிருக்கிறேன், எட்டும் குமாஸ்தா. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சீரியலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், தாலுகா ஆபீஸாம். சாயம் போன சட்டை இரண்டு கொண்டுவரச் சொன்னார்கள். பொடிக் கோடு போட்டது வேண்டாமாம், கேமராவில் நெளியுமாம்.