வாளியைக் கண்டாலே ஓடும் லாப்ரடார்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. வாளியை எடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் மகனும் இழுத்து வந்து, அமுக்கிப் பிடித்துக் குளிப்பாட்டுகிறோம். போன வாரம் மகனைப் பார்த்து உறுமிவிட்டது. வெயிலுக்கு வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டலாமா? எந்த சோப்பு நல்லது?"

முதலில் அந்த உறுமல். அதற்காகத் திட்டாதீர்கள். 'முடியவில்லை, விடு' என்று சொல்ல நாய்க்கு இருக்கிற வழி அதுதான். அதட்டி அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். கவனித்தால் உறுமுவதற்கு முன்பே தெரியும்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், வாலைக் காலிடுக்கில் செருகிக்கொள்ளும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். (மகன் கையில் பல் பட்டுக் கீறியிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லையென்றால் இன்றே போங்கள்.)

எனக்கு வாளியை விட உங்கள் வீட்டுத் தரை மேல்தான் சந்தேகம். டைல்ஸிலோ கடப்பாக் கல்லிலோ சோப்புத் தண்ணீர் பட்டதும் நாயின் நகம் கறகறவென்று வழுக்கும், நான்கு காலும் நான்கு பக்கம் போகும். அந்த நேரத்தில் இரண்டு பேர் மேலே விழுந்து அமுக்கினால் எந்த நாய்தான் நிற்கும்? ஒரு பழைய கோணியை நனைத்து, இரண்டாக மடித்து விரியுங்கள். ரப்பர் மேட் இருந்தால் இன்னும் நல்லது. முதல் மூன்று நாள் தண்ணீரே வேண்டாம். கோணி மேல் நிற்கட்டும், தட்டில் கொஞ்சம் தயிர்சாதம் நக்கட்டும், போகட்டும். நான்காம் நாள் காலில் மட்டும் ஒரு சொம்பு. இப்படி இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம் தண்ணீர். வேலூர் வெயில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு மாடி டேங்க் குழாயைத் திறந்தால் நம் கையே சுடுகிறது. காலை ஆறு, ஏழு மணிக்கு வாளியில் பிடித்து முழங்கையை விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. ஹோஸ் பைப் வேண்டாம். பின்னங்காலில் ஆரம்பித்து மெல்ல மேலே வந்து கழுத்தோடு நிறுத்துங்கள். முகத்துக்கு ஈரத்துணி போதும். காதுக்குள் தண்ணீர் போனால் லாப்ரடார் மாதிரி தொங்கு காது நாய்களுக்குச் சீழ் பிடிப்பது சுலபம்.

நம் சோப்பு, ஷாம்பூ எதுவும் அதற்கு ஒத்துவராது. நம் தோலை விட நாய்த் தோலுக்கு அமிலத்தன்மை குறைவு. நாய் ஷாம்பூவையே ஒரு மக்கு தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வராது; வரவில்லையே என்று இன்னும் இன்னும் ஊற்றுவதுதான் பலர் செய்கிற தப்பு. அலசாமல் தங்குகிற ஷாம்பூதான் மறுநாள் அரிப்பு. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி காவிரித் தண்ணீர் ஒதுக்குங்கள். டெட்டால், பினாயில், உண்ணிக்கு மண்ணெண்ணெய் எதுவும் கூடவே கூடாது. நாய் நக்கி வயிற்றுக்குள் போகும். கழுத்தில் உண்ணி மருந்துச் சொட்டு விடுவதாக இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் இல்லை.

வாரம் இரண்டு தடவையா? வேண்டாம். மாதம் ஒன்று போதும், சேற்றில் புரண்டால் தனிக் கணக்கு. வெயிலுக்கு வயிற்றையும் பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் விட்டாலே அடங்கிவிடும்.

லாப்ரடாருக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். தோல் புண்ணாவது அதனால்தான். குளிக்கும் முன்பே சீவி உதிர்ந்த முடியை எடுத்துவிடுங்கள். பிறகு துண்டால் ஒற்றுங்கள், அக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் எல்லாம்.

மகன் இனி நாயைப் பிடிக்க வேண்டாம், தயிர்சாதத் தட்டைப் பிடித்தால் போதும். குளித்த இரண்டே நாளில் மறுபடி நாற்றம் வந்தாலோ, வட்ட வட்டமாக முடி உதிர்ந்தாலோ, ஷாம்பூவை மாற்றிக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.