கணினிக் கேள்வி பதில்: கையால் போட்ட திருத்தம் நிலைப்பதில்லையே?

கேள்வி: கிண்ணியா, மூதூர்ப் பக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் பாவிக்கும் கணக்கு மென்பொருளுக்கு ரோபோஹெல்ப்பில் (உதவிப் பக்கங்கள் தயாரிக்கும் மென்பொருள்) தமிழ் உதவிப் பக்கங்கள் செய்கிறோம். வெளிவரும் எச்.டி.எம்.எல். கோப்புகளில் எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அடியில் எங்கள் தொலைபேசி இலக்கத்தையும் சேர்க்கிறேன். வெளியீட்டை உருவாக்க மறுபடி 'ஜெனரேட்' கொடுத்தால் எல்லாம் பழையபடி. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் மொத்தமாக மாற்றியபோது தமிழே குழம்பிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: ஜெனரேட் கொடுக்கும்போதெல்லாம் வெளியீடு மூலக் கோப்பிலிருந்து புதிதாக எழுதப்படுகிறது. ஆகவே எழுத்துப் பிழையை மூலத்திலேயே திருத்துங்கள். வெளியீட்டில் திருத்துவதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு: தேடலுக்கான சொல் அட்டவணை தனிக் கோப்புகளில் இருப்பதால், பிழையான சொல்லைத் தேடினால்தான் திருத்திய பக்கம் அகப்படும்! தொலைபேசி இலக்கத்தை மாஸ்டர் பேஜில் (எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான வார்ப்புரு) ஒரு தடவை போட்டால் போதும்.

மாஸ்டர் பேஜும் வெளியீட்டின் தோற்றத்தை அமைக்கும் ஸ்கின்னும் எட்டாத இடங்களுக்கு மட்டும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதலாம். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, பி.ஓ.எம். குறி (கோப்பின் தொடக்கத்தில் எழுத்துமுறையைச் சொல்லும் அடையாளம்) இல்லாத யு.டி.எஃப்.-8 (யுனிகோட் எழுத்துமுறை) கோப்பை ஆன்சி (விண்டோஸின் பழைய எழுத்துமுறை) என்று நினைத்து வாசிக்கிறது. யு.டி.எஃப்.-8இல் 'க' 3 பைட். அது மூன்று அந்நியக் குறிகளாகி, அப்படியே சேமிக்கப்பட்டுவிடலாம். பவர்ஷெல் 7 வாசிப்பதும் எழுதுவதும் பி.ஓ.எம். இல்லாத யு.டி.எஃப்.-8இல்தான், அதையே நிறுவுங்கள். கெட்-கன்டென்ட் கட்டளையோடு 'ரோ' (-Raw) தெரிவையும் கொடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு வரிவரியாகப் பிரிந்து, இரண்டு வரியில் நீளும் குறியீடு பொருந்தாது. 'ரீப்ளேஸ்' ஆப்பரேட்டர் புள்ளி, கூட்டல் குறி, அடைப்புக்குறிக்கெல்லாம் வேறு பொருள் கொள்ளும். +94 என்று தொடங்கும் இலக்கத்தைத் தேடி மாற்றும்போது அங்கேதான் இடறும். நேர்ச்சொல்லாக மாற்றும் ரீப்ளேஸ் மெத்தட்டே பாதுகாப்பு.

வெறுங் கோப்புறையில் ஜெனரேட் செய்து, அதைத் தொடாமல் வைத்து, பிரதியில் மட்டும் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். ஒரே பிரதியில் இரு தடவை ஓட்டினால் சேர்க்கும் வரி இரட்டிக்கும். தேடிய வரி அகப்படாவிட்டால் ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்க வேண்டும். ரோபோஹெல்ப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும் ஒரு இடைவெளி கூடினால்கூடப் பொருத்தம் தவறும். சத்தமில்லாமல் எதுவும் மாறாத வெளியீடு வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும். கடைசியில் கோப்புகளை ஒப்பிடும் மென்பொருளான வின்மெர்ஜில் இரு கோப்புறைகளையும் ஒப்பிடுங்கள். எதிர்பார்த்த வரிகளுக்கு மேல் ஒன்று மாறியிருந்தாலும் வெளியிடாதீர்கள்.

கேள்வி: சி.எச்.எம். (விண்டோஸின் பழைய உதவிக் கோப்பு வடிவம்) உதவிக் கோப்பில் பக்கங்கள் சரியாகத் தெரிகின்றன. இடப்பக்க உள்ளடக்கப் பட்டியலில் மட்டும் கேள்விக்குறிகள். பிரித்துத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தும் பலனில்லை.
– வாசகர், நிலாவெளி

பதில்: பலன் இராது. பக்கங்களைக் காட்டுவது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எஞ்சின், அதற்கு யு.டி.எஃப்.-8 தெரியும். உள்ளடக்கப் பட்டியலோ ஆன்சி எழுத்துத் தொகுதியை நம்பியது. தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு தொகுதியே கிடையாது. பட்டியலில் ஆங்கிலத் தலைப்புகளை வைத்து, முதற்பக்கத்தில் இணைப்புகளோடு தமிழ் உள்ளடக்கம் கொடுங்கள். புதிதாகத் தொடங்குவதாயின் சி.எச்.எம்.மை விட்டு, உலாவியில் திறக்கும் எச்.டி.எம்.எல்.5 வெளியீட்டுக்கே போங்கள்.