தன்பாலினத் திருமணம்: உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

"சட்ட அங்கீகாரம் கிடையாது என்றால், இருவர் சேர்ந்து வாழவே கூடாதா?" என்று பலர் கேட்கிறார்கள்.

சட்ட அங்கீகாரம் என்பது இருவரின் உறவை அரசு தன் பதிவேட்டில் ஏற்றுக்கொள்வது. வாரிசுரிமை, குடும்ப ஓய்வூதியம், சேர்ந்து தத்தெடுப்பது எல்லாம் அதை ஒட்டித்தான் வருகின்றன. பட்டா இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். இருபது வருஷம் குடியிருக்கலாம், தினமும் விளக்கேற்றலாம். வங்கியில் கடன் கேட்கும்போதும், ஒருவர் இறந்துபோகும்போதும்தான் கையில் காகிதம் இல்லாதது உறைக்கும்.

அந்தக் காகிதத்தைத் தர 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுத்தது. திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல, மதம் பார்க்காமல் திருமணத்தைப் பதிவு செய்ய வழிசெய்யும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தி எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். திருமணம் அல்லாத துணை உறவுக்காவது அங்கீகாரம் தரலாமா என்பதில் 3-2 எனப் பிரிந்தார்கள். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தரலாம் என்ற இருவரில் ஒருவர். ஒரே ஒரு வாக்கு! எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொன்ன சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

ஆனால் அதே ஆண்டு மே மாதம், திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது பெரிய ஆறுதல்.

அப்புறம், 2023 தீர்ப்பால் இந்த உறவு குற்றமாகிவிட்டது என்று நினைப்பது தவறு. வயது வந்த தன்பாலினத்தவர் இருவர் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு அப்படியே இருக்கிறது.